தரைப்பாலமும் மறு ஒலிபரப்பும்

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை, திருக்கார்த்திகை. ஐந்து மணிக்கு எழுந்தேன். இரவெல்லாம் பெய்த மழை அப்போதும் விடவில்லை. வாசலில் கோலம் நிற்காது என்பதால் நிலைப்படியில் மட்டும் இரண்டு இழை இழுத்தேன். முதல் நாள் கழுவிக் கவிழ்த்திருந்த அகல்களைத் துடைத்து, பெரியவை ஒரு வரிசை, சிறியவை ஒரு வரிசை என்று தாம்பாளத்தில் அடுக்கினேன். பால்காரர் வரவில்லை. கடுங்காப்பி போட்டுக்கொண்டு, சமையல் மேடையில் இருந்த ரேடியோவைத் திருகினேன். எங்கள் நிலையம் காலை ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. முதல் நாள் மாலை நிகழ்ச்சியின் மறு ஒலிபரப்பு. பேசிக்கொண்டிருந்தது நான்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் குளிக்கப் போக இருந்தேன்.

அந்தக் காலையைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. வேலையை விட்டு வந்த பிறகு நிலையத்தின் பக்கம் திரும்புவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் வானொலி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். முழுவதும் படித்தேன். எதைச் சொல்லக் கூடாது, எத்தனை நிமிடம் விளம்பரம், எந்த அறிக்கையை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் ஒழுங்காக இருந்தது. வானொலியை நம்பி ஒருவர் தண்ணீரில் காலை வைக்கலாம் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குக் கோபம் வந்தது. அது தணிவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஓர் அறக்கட்டளை நடத்திய சமுதாய வானொலி எங்களுடையது. சிறிய நிலையம், சுற்றிலும் கொஞ்சம் ஊர்களுக்குத்தான் கேட்கும். நான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். இம்மாதிரி நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்பது விதி. வானிலை, போக்குவரத்து, மின்தடை, வெள்ளம் பற்றிய தகவல்களைச் சொல்லலாம் என்பதும் அதே விதிதான். இந்த இரண்டாவது பாதியை எங்கள் நிலைய மேலாளர் ஒரு நாளும் படித்ததாகத் தெரியவில்லை. அவர் பெயர் வேண்டாம். இவரைப் போன்றவரை நீங்கள் எந்த ஊரிலும் சந்திப்பீர்கள்.

முன்பு எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மாலை நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைக்கும்போது, நடுவே வரும் அறிவிப்புகளையும் அவற்றைப் பற்றிய நேயர் பேச்சையும் அதோடு ஒட்ட மாட்டோம். அறிவிப்பு தனியாக இருக்கும். காலையில் மறு ஒலிபரப்பு போகும்போது, பணியில் இருப்பவர் பழைய அறிவிப்பை விட்டுவிட்டு, அன்றைக்கு எது உண்மையோ அதை மைக்கில் சொல்வார். பஸ் எந்த வழியாகப் போகிறது, கரண்ட் எப்போது நிற்கும், இவ்வளவுதான். இதை யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை. நேற்றைய இட்லியை இன்று யாருக்கும் வைக்காதது போல, தானாக வந்த பழக்கம்.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. அரசு அறிவிப்புகள் எத்தனை ஒலிபரப்பினீர்கள் என்று மாதந்தோறும் கணக்குத் தர வேண்டும் என்றது. அதில் தவறில்லை. அதை மேலாளர் புரிந்துகொண்ட விதத்தில்தான் எல்லாம் கெட்டது.

"அறிவிப்ப நிகழ்ச்சியோடயே சேத்துடுங்க மேடம். சாயங்காலம் ஒண்ணு, காலைல ஒண்ணு. கணக்குல ரெண்டா வரும்" என்றார்.

"காலைல அது உண்மையா இல்லன்னா சார்?"

"கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு எப்படி மேடம் உண்மையா இல்லாம போவும்?" என்று சிரித்தார். கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த மாதமே காலை நேர அறிவிப்பாளர் பணியையும் எடுத்துவிட்டார். கணினி தானாக ஓட்டும், ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் போதும் என்பது அவர் முடிவு. நான் எதிர்த்துப் பேசினேன். கூட்டக் குறிப்பில் அது "விவாதிக்கப்பட்டது" என்று ஒரே சொல்லாகப் பதிவானது.

டிசம்பர் 12, வியாழன் மாலை நிகழ்ச்சியில் மலர்க்கொடி என்ற நேயர் அழைத்தார். ஓடைக்கு இந்தப் பக்கத்து ஊர்க்காரர். கணவர் முருகேசன், ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தார். ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே அந்த ஓடை. அதில் தரைப்பாலம், சாலையே ஓடைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறும், கைப்பிடிச் சுவர் கிடையாது. "எங்க வூட்டுக்காரரு ஆலையிலேர்ந்து வரணுங்க்கா, பாலத்துல வரலாமா?" என்று கேட்டார். சற்று முன்தான் கலெக்டர் அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்திருந்தது. "தண்ணி வடிஞ்சிருச்சும்மா, தாராளமா வரலாம்" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மை. ராத்திரி பெய்த மழையில் மேலே உள்ள ஏரி நிரம்பி வழிந்து, அது பொய்யாகிவிட்டது. கணினிக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடிய ஆளை நாங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை நான் குளிக்கப் போவதற்குள் போன் அடித்தது. மலர்க்கொடி.

"அக்கா, ரேடியோவ நிறுத்துங்கக்கா! நேத்து நான் பேசுனது இப்ப போவுது!"

"அது மறு ஒலிபரப்பு மலர். என்னாச்சு?"

"பாலத்து மேல வெள்ளம் போவுதுக்கா. இங்க கரையிலதான் நிக்கிறேன், பக்கத்துல ஒருத்தரு போன்ல நம்ம ரேடியோ ஓடுது. அவரு அந்தாண்ட டீக்கடையில நிக்கிறாரு. நேத்து வரவே இல்ல, ஆளு வரலன்னு அடுத்த ஷிப்டும் பாக்க வச்சுட்டானுவ. இப்பதான் வாராரு. அந்தக் கடையில பேட்டரி போட்டு நம்ம ரேடியோதான் ஓடும். நான் வரலாமான்னு கேக்குறதையும் நீங்க வரலாம்னு சொல்றதையும் கேட்டுட்டுத்தான், டீயக் குடிச்சுட்டு வண்டிய எடுக்கப் போறாருன்னு நெனக்கிறேன்."

"அவருக்குப் போனப் போடு."

"அந்தப் பக்கம் ராத்திரிலேர்ந்து கரண்டு இல்ல, எல்லாரு போனும் செத்துக் கெடக்கு. கத்துனா கேக்கல. வேணாம் வேணாம்னு கைய ஆட்டுனேன். வான்னு கூப்புடறேன்னு நெனச்சுக்கிட்டு அவரும் கைய ஆட்டுறாருக்கா!"

நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். செம்மண் கலந்த தண்ணீர். மேலிருந்து பார்த்தால் கணுக்கால் அளவா, இடுப்பளவா என்று தெரியாது. இரண்டு ஷிப்ட் மூட்டை தூக்கிய மனிதர். நேற்றைய குரல் என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ரேடியோவில் அவருடைய மனைவி அவருக்காகவே கேட்கிறாள், நிலையம் வரலாம் என்கிறது, எதிர்க்கரையில் அதே மனைவி நின்று கையாட்டுகிறாள். யாராக இருந்தாலும் இறங்கியிருப்பார்கள்.

நிலையம் எங்களுக்கு அடுத்த தெரு. மலர்க்கொடியிடம் போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மழையில் நடந்துகொண்டே மேலாளரை அழைத்தேன். அவர் திருச்சியில் வீட்டில் இருந்தார்.

"சார், தரைப்பாலத்துல வெள்ளம் போவுது. நம்ம ரேடியோ வரலாம்னு சொல்லிக்கிட்டு இருக்கு. நேரலைக்குப் போறேன்."

"புது அறிவிப்பு எதுவும் வந்துச்சா மேடம்?"

"வரல."

"அப்ப யாரு சொன்னா?"

"கரையில நிக்கிற பொம்பள சொல்றா."

"அது செய்தி மேடம். செய்தி சொல்ல நமக்கு அனுமதி இல்ல. நான் கலெக்டர் ஆபீஸுக்குப் பேசிட்டுக் கூப்புடறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம். நடுவுல நிறுத்துனா ஏன் நிறுத்துனோம்னு எழுதணும்."

"ஆளு செத்தா யாருக்கு சார் எழுதுறது?"

"ஏன் மேடம் காலங்காத்தால இப்படிப் பேசுறீங்க?"

இணைப்பைத் துண்டித்தேன். இத்தனை ஆண்டுகளில் மேலதிகாரியின் பேச்சு முடியும் முன் நான் போனை வைத்தது அன்று ஒரு முறைதான். அவர் நல்ல வார்த்தை பேசுபவர், குரலை உயர்த்தாதவர், எல்லோரையும் மேடம் என்று அழைப்பவர். அந்தப் பணிவுதான் இன்று நினைத்தாலும் என்னை எரிக்கிறது. தண்ணீர் போகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பவள் சொன்னால் செய்தி. அதையே மேசையில் இருப்பவர் தட்டச்சு செய்து அனுப்பினால் அறிவிப்பு.

நிலையத்தில் தனபால் இருந்தார். ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஓர் ஆள். பிள்ளைகுட்டிக்காரர், வேலை போய்விடுமோ என்று பயப்படுபவர்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல நான் கைய வச்சா சாருக்கு மெசேஜ் போயிரும்."

"நீங்க கை வைக்க வேணாம். ஸ்டுடியோ கதவத் தொறங்க, போதும்."

"தொறந்தாலும் நாந்தானே தொறந்தேன்னு கேப்பாரு."

"நான் ஒங்களத் தள்ளிவிட்டேன்னு சொல்லுங்க."

"நீங்க தள்ளி நான் வுழுவேனாக்கா? யாரு நம்புவா?" என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

கணினியைத் தொடவில்லை. அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ஒலிகளைக் கலக்கும் மிக்சர் பலகையில் அதன் ஒலியை முழுவதும் இறக்கினேன். சில நொடிகள் ஒன்றுமே போகவில்லை. நம் தொழிலில் எல்லோரும் பயப்படுவது இந்த மௌனத்துக்குத்தான். உங்களையும் பயமுறுத்தியிருப்பார்கள். பயப்படாதீர்கள். டீக்கடையில் ஓடும் ரேடியோ சட்டென்று நின்றால் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு அந்த நாலு பேர் நிமிர வேண்டியிருந்தது.

மைக்கைத் திறந்தேன். "இது நேரலை. இன்று வெள்ளிக்கிழமை காலை. சற்று முன் நீங்கள் கேட்டது நேற்று மாலை பேசியது. தரைப்பாலத்தின் மேல் இப்போது வெள்ளம் போகிறது. யாரும் இறங்க வேண்டாம். ஓடைக்கரை டீக்கடையில் இருப்பவர்கள் முருகேசனைத் தடுத்து நிறுத்துங்கள்."

பிறகு மலர்க்கொடியை மறுபடி அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மைக்கின் முன்னால் பிடித்தேன். முறைப்படி இணைக்க நேரமில்லை. "மலர், ரேடியோல போவுது. நீயே சொல்லு" என்றேன். முருகேசனைத் தண்ணீரில் இறக்கியது அவளுடைய நேற்றைய குரல். என் குரல் சொன்னால் யோசிப்பார். அவள் குரல் சொன்னால் நிற்பார்.

"ரம்யாப்பா! நேத்து பேசுனதுய்யா அது! எறங்காத! எவனோ எழவெடுத்தவன் நேத்து போட்டதயே இன்னிக்கும் போட்டுருக்கான்! திரும்புய்யா! சுந்தரண்ணே, அவரப் புடிங்கண்ணே, அவரு முன்னாடி போயிட்டாரு!"

டீக்கடைக்காரர் சுந்தரம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம்வரை ஓடினாராம். "ஒம் பொண்டாட்டி ஊரே கேக்கத் திட்டுறாடா, நின்னு கேளுடா!" என்று கத்தினாராம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. எங்களுக்கு அறையில் கேட்டது தண்ணீரின் இரைச்சலும் மலர்க்கொடியின் மூச்சும்தான்.

"நிக்கிறாருக்கா... திரும்புறாரு... ஐயோ வண்டி! வண்டி போவுது! வண்டிய வுடுய்யா! வுடு!"

தனபால் போனின் அருகே குனிந்தார். நான் போனை மைக்கோடு ஒட்டிப் பிடித்தேன்.

"வண்டி போச்சுக்கா. ஆளு கரையேறிட்டாரு. சுந்தரண்ணன் சட்டையப் புடிச்சு இழுத்துட்டாரு." பிறகு அவள் அழுதது ஒலிபரப்பானது. நான் அதை வெட்டவில்லை.

அதற்குப் பின் பாலத்தைப் பற்றிய எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கலெக்டர் அலுவலக அறிவிப்பு வந்து சேர்ந்தபோது, பாலத்தின் இரு பக்கமும் ஊர்க்காரர்களே முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்திருந்தார்கள்.

மேலாளர் மதியம் வந்தார். குடையை மடக்கி, மூலையில் வைத்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆவலையே மேடம்? அப்புறம் என்ன. காலைல ஜெனரேட்டர் கோளாறுன்னு எழுதிக்கலாம். அந்த அரை மணி நேரப் பதிவ எடுத்துட்டு வேற நிகழ்ச்சிய வச்சுருங்க."

ஒலிபரப்பியதை மூன்று மாதம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். காலையில் விதியைக் காட்டி என் வாயைக் கட்டப் பார்த்தவர், மதியம் அதே விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழிக்கச் சொன்னார். முடியாது என்றேன். பதிவை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். அப்போது எடுத்திருக்கவில்லை. அவர் அறையிலிருந்து நான் வெளியே வந்ததும் எடுத்தேன்.

பின்னால் என்னிடம் விளக்கம் கேட்டு வந்த கடிதத்தில் அனுமதியின்றி நேரலை, தனிநபர் செய்தி என்றெல்லாம் வரிசையாகக் குற்றங்கள் இருந்தன. "எழவெடுத்தவன்" என்ற சொல் ஒலிபரப்பானது தனிக் குற்றம். பழைய அறிவிப்பு போனது பற்றி அதில் எதுவும் இல்லை.

அத்தோடு நின்றிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். அன்று பிற்பகல் மலர்க்கொடி நிலையத்துக்கு வந்தார். முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். வண்டிக்கு ஏதாவது கேட்க வந்திருப்பார் என்று நினைத்த மேலாளர் உள்ளே போய்விட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க்கா. எங்க மாமியா தெருவுல நின்னு பேசுது. புருசன ரேடியோல கூப்புட்டுத் தண்ணியில எறக்குனவளாம்னு. காலைல நான் பேசுனது அம்புட்டுப் பேருக்கும் கேட்டுருக்கு. நேத்து பேசுனதுன்னு நீங்களும் நானும் சொன்னதையும், அப்பறமா சமாளிக்கிறோம்னு சிரிக்கிறாங்க. அவரே கேக்குறாரு, நெசமாவே நேத்துதான் பேசுனியான்னு."

"அவரேவா?"

"ஆமாங்க்கா. கைய வேற ஆட்டுனேன்ல." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ரேடியோல கேட்டதத்தான் எல்லாரும் நம்புறாங்க. அதனால ரேடியோவே சொல்லட்டும். தப்பு யாரோடதுன்னு."

மேலாளரிடம் போனேன். திருத்தம் வாசித்தால் அது பதிவில் நிற்கும், புதுப்பிப்பு சமயத்தில் நாமே நம் தவறை எழுதிக் கொடுத்தது போல் ஆகும் என்றார். "வேணும்னா நான் அந்தம்மாகிட்ட நேர்ல வருத்தம் தெரிவிச்சுடறேன்" என்றார். அந்தப் பெண் ஊரறிய அவமானப்பட்டிருந்தாள். இவர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வருத்தம் தெரிவிப்பாராம். கையில் இருந்த பேனாவை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வைத்த வேகத்தில் மூடி உடைந்தது.

நாம் தவறு செய்யாமல் இருக்க முடியாது. நாளெல்லாம் பேசுகிற தொழில். ஆனால் தவறு எந்த நேரத்தில் போனதோ அதே நேரத்தில், எந்தக் குரலில் போனதோ அதே குரலில் திருத்தம் போக வேண்டும். பிற்பகலில் ரெண்டு பாட்டுக்கு நடுவே முணுமுணுத்தால் காலையில் கேட்டவருக்கு அது போய்ச் சேராது. நம்மால் பெயர் கெட்டவரின் பெயரைச் சொல்ல வேண்டும். "சில தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் வாசிக்காதீர்கள். யார் எழுதிக் கொடுத்தாலும் வாசிக்காதீர்கள். கையேட்டில் இதற்கு இடமில்லை என்றால் ஓரத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மாலை வீட்டில் விளக்கேற்றினேன். காற்றில் நிற்கவில்லை, உள்ளே கூடத்தில் வைத்தேன். நாலு வரி எழுதி, இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்து, ஒரு வரியை அடித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஆறு மணிக்கு முன்பே நிலையத்துக்குப் போனேன். தனபால், நான் வருவதற்குள் மைக்குக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். ஒலிபரப்பு தொடங்கியதும், வேறு எதுவும் போவதற்கு முன், இதை வாசித்தேன்:

"நேற்றுக் காலை இந்த நிலையம் தரைப்பாலத்தில் வரலாம் என்று சொன்னது. அது வியாழக்கிழமை மாலை பதிவு செய்தது. அதை அப்படியே திரும்பப் போட்டது எங்கள் நிலையத்தின் தவறு. அதில் கேட்ட மலர்க்கொடியின் குரலும் வியாழக்கிழமை மாலைக் குரல்தான். வெள்ளிக்கிழமை காலை அவர் தன் கணவரை வரச் சொல்லவில்லை. கரையில் நின்று, வர வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தார். முருகேசன், இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மனைவி மலர்க்கொடி சொன்னது உண்மை."